ஓவர்கிளாக்கிங் பிரியர்களை சிப் நிறுவனங்கள் ஏன் கண்டுகொள்வதில்லை? ராஜபாளையம் வெயிலில் ஒரு கணக்கு!

மே மாத மதியம். ராஜபாளையத்தில் ஒரு மாடி வீட்டு அறை. வெளியே வெயில் 38 டிகிரி. உள்ளே ஃபேன் சுற்றுகிறது, ஆனால் வருவது அனல் காற்றுதான். மேஜையில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர். கேம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் அதன் விசிறி ‘உய்ய்ய்’ என்று இரைய ஆரம்பிக்கிறது. திரையின் ஓரத்தில் ப்ராசஸர் வெப்பநிலை 90-ஐத் தாண்டுகிறது. கேம் திக்கித் திக்கி ஓடுகிறது.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், பக்கத்தில் கிருஷ்ணன்கோவிலிலும் பொறியியல் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போட்டோ ஸ்டூடியோ, ஃப்ளெக்ஸ் டிசைன், கல்யாண வீடியோ எடிட்டிங் என்று கம்ப்யூட்டரை நம்பிப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு ஒரு கேள்வி உண்டு.

“அண்ணே, இவ்வளவு விலை வாங்குறானே, ப்ராசஸர் சூடாகாம இருக்க கம்பெனிக்காரனே ஒரு வழி பண்ணக் கூடாதா? நல்லா கூலிங் குடுத்தா இன்னும் வேகமா ஓட்டிக்கலாமே!”

நியாயமான கேள்விதான். ஆனால் இன்டெல், ஏ.எம்.டி போன்ற நிறுவனங்கள் இதற்கு ஏன் முன்னுரிமை கொடுப்பதில்லை? இதில் நம் பணமும் வாரண்டியும் எப்படி மாட்டிக்கொள்கின்றன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், ஓவர்கிளாக்கிங் என்றால் என்ன?

ஒவ்வொரு ப்ராசஸருக்கும் ஒரு வேகம் உண்டு. அதை கிகா ஹெர்ட்ஸில் சொல்வார்கள். நிறுவனம் நிர்ணயித்த அந்த வேகத்தைத் தாண்டி, செட்டிங்ஸை மாற்றி ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதை மில் பாஷையில் சொன்னால் சட்டென்று புரியும். நூல் மில்லில் ரிங் ஃப்ரேம் ஓடுகிறது. ஸ்பிண்டில் வேகத்தைக் கூட்டினால் நூல் அதிகம் கிடைக்கும். அப்படியானால் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதானே? முடியாது. ரிங் மீது உராய்ந்து ஓடும் ‘டிராவலர்’ என்ற குட்டிக் கம்பி வளையம் சூடேறித் தேயும், கருகும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். மோட்டாருக்குச் சக்தி இருந்தாலும், அந்த டிராவலர் எவ்வளவு சூடு தாங்கும் என்பதுதான் வேகத்துக்கு எல்லை போடுகிறது.

ப்ராசஸரிலும் அதே கதைதான். எல்லை போடுவது சூடு.

10% வேகத்துக்கு 33% சூடு!

ப்ராசஸர் எடுக்கும் மின்சாரம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, அதன் வேகம். இன்னொன்று, அதற்குக் கொடுக்கும் வோல்டேஜ். வேகம் இரண்டு மடங்கானால் மின்சாரமும் இரண்டு மடங்கு. ஆனால் வோல்டேஜ் இரண்டு மடங்கானால் மின்சாரம் நான்கு மடங்கு, அதாவது வர்க்கக் கணக்கில் ஏறும்.

பிரச்சனை எங்கே என்றால், வேகத்தைக் கூட்டினால் சிப் தடுமாறாமல் இருக்க வோல்டேஜையும் கூட்ட வேண்டும். வேகம் 10%, வோல்டேஜ் 10% கூட்டினால் 1.1 x 1.1 x 1.1 = 1.33. அதாவது 10% வேகத்துக்காக சுமார் 33% கூடுதல் மின்சாரம். அந்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும்.

அந்தச் சூடு வெளிவரும் இடமோ மிகச் சின்னது. இன்டெல்லின் கோர் ஐ9-14900கே ப்ராசஸர் அதிகபட்சமாக 253 வாட் எடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அதன் சிலிக்கான் சில்லின் பரப்பு சுமார் 2.5 சதுர சென்டிமீட்டர். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 வாட். வீட்டில் இருக்கும் 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு, 20 செ.மீ அகலப் பாத்திரத்தைச் சூடாக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 வாட் சொச்சம்தான் வரும். அப்படிப் பார்த்தால் ப்ராசஸரின் சூடு அடுப்பை விட 15 மடங்கு நெருக்கமானது!

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கிண்டுபவர்களுக்கு இந்த விஷயம் தெரியும். சட்டி முழுக்கச் சீராகச் சூடு பரவினால் பிரச்சனை இல்லை. ஒரே இடத்தில் குவிந்தால்தான் அடிப்பிடிக்கும்.

நம்ம ஊர் வெயில் என்ன செய்யும்?

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரண ஏர் கூலரோ லிக்விட் கூலரோ, ப்ராசஸரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. சூட்டை அள்ளி அறைக் காற்றில் கொட்டுவது மட்டும்தான் அதன் வேலை. அறையே சூடாக இருந்தால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

ஒரு உதாரணம். ஒரு வாட்டுக்கு 0.3 டிகிரி ஏறும் அமைப்பு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ப்ராசஸர் 150 வாட் எடுத்தால் அறை வெப்பநிலையை விட 45 டிகிரி ஏறும். ஏசி போட்ட 22 டிகிரி அறையில் அது 67 டிகிரி. ராஜபாளையத்தின் 38 டிகிரி அறையில் 83 டிகிரி.

இப்போது 10% ஓவர்கிளாக் செய்கிறோம். 150 வாட் சுமார் 200 வாட் ஆகிறது. ஏற்றம் 60 டிகிரி. ஏசி அறையில் 82 டிகிரி, பிழைத்துக்கொள்ளும். 38 டிகிரி அறையில் 98 டிகிரி!

இன்டெல்லின் பல ப்ராசஸர்களுக்கு 100 டிகிரிதான் உச்ச வரம்பு. அதைத் தொட்டதும் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது, வேகத்தைக் கூட்டப் போய் கடைசியில் வேகம் குறையும். யூடியூப் வீடியோவில் குளிர்நாட்டு அறையில் நன்றாக ஓடும் அதே செட்டிங், இங்கே திணறுவதற்குக் காரணம் இதுதான்.

சரி, கம்பெனி ஏன் மெனக்கெடுவதில்லை?

காரணம் ஒன்று: வாங்குபவர்களில் இவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

ப்ராசஸர்கள் பெரும்பாலும் போவது லேப்டாப்புகளுக்கும், அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கும், டேட்டா சென்டர் சர்வர்களுக்கும்தான். இவற்றில் யாரும் ஓவர்கிளாக் செய்வதில்லை. லேப்டாப் வாங்குபவருக்குப் பேட்டரி நிற்க வேண்டும். டேட்டா சென்டர் நடத்துபவருக்கு மின் கட்டணம் குறைய வேண்டும், வருடக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டும். அதனால் நிறுவனத்தின் மூளையும் பணமும் ‘சூட்டை எப்படி வெளியேற்றுவது’ என்பதை விட ‘சூடே குறைவாக வரும்படி எப்படிச் செய்வது’ என்பதில்தான் போகிறது.

மில்லுக்கு மிஷின் செய்பவரும் அப்படித்தான். மூன்று ஷிப்டும் பழுதில்லாமல் ஓட வேண்டும் என்று கேட்கும் நூறு மில்களுக்காகத்தான் டிசைன் செய்வார். வரம்பைத் தாண்டி ஓட்டிப் பார்க்கும் ஒரு மில்லுக்காக அல்ல.

காரணம் இரண்டு: மிச்சம் இருந்த வேகத்தை நிறுவனமே எடுத்துக்கொண்டது.

1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ என்ற ப்ராசஸர் இன்றும் பேசப்படுகிறது. 300 மெகா ஹெர்ட்ஸ் என்று விற்கப்பட்ட அதை, பலர் 450 மெகா ஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். 50% வேகம் இலவசம்! அன்று நிறுவனங்கள் பாதுகாப்புக்காகப் பெரிய இடைவெளி விட்டு விற்றன. அந்த இடைவெளிதான் ஓவர்கிளாக்கர்களின் லாபம்.

2008-ல் இன்டெல் ‘டர்போ பூஸ்ட்’ கொண்டுவந்தது. சூடும் மின்சாரமும் அனுமதிக்கும் வரை சிப் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும் வசதி இது. ஏ.எம்.டியிலும் இதேபோன்ற வசதி வந்துவிட்டது. இன்று 14900கே கடையில் வாங்கும்போதே 6 கிகா ஹெர்ட்ஸ் வரை தொடும். 2024 மார்ச்சில் வந்த 14900கேஎஸ் 6.2 வரை போகும். அதாவது ஓவர்கிளாக்கர் செய்த வேலையை இப்போது தொழிற்சாலையே செய்து, விலையில் சேர்த்து விற்கிறது. நல்ல கூலிங் கொடுத்தாலும் நமக்கு மிஞ்சுவது சில சதவீதம்தான்.

காரணம் மூன்று: சின்னச் செலவும் கோடிக்கணக்கில் பெருகும்.

சிலிக்கான் சில்லுக்கும் மேலே இருக்கும் உலோக மூடிக்கும் நடுவே, சூட்டைக் கடத்த ஒரு பொருள் வைப்பார்கள். இண்டியம் உலோகத்தால் சாலிடர் செய்தால் சூடு நன்றாகக் கடக்கும். வெறும் பேஸ்ட் என்றால் மலிவு, ஆனால் சூடு அவ்வளவாகக் கடக்காது.

2012-ல் ‘ஐவி பிரிட்ஜ்’ ப்ராசஸர்களில் இன்டெல் சாலிடரை விட்டுவிட்டுப் பேஸ்டுக்கு மாறியது. ஆர்வலர்கள் கொதித்துப்போனார்கள். பிளேடு வைத்து மூடியையே பிரித்து, தாங்களே வேறு பேஸ்ட் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. சின்ன சில்லில் சாலிடர் வைத்தால் சூடாகி ஆறும்போது விரிசல் விழலாம் என்ற தொழில்நுட்ப வாதமும் அப்போது பேசப்பட்டது. எது எப்படியோ, சாதாரணமாக ஓட்டும் கோடிக்கணக்கானவர்களுக்கு இந்த மாற்றத்தால் வித்தியாசமே தெரியவில்லை. வித்தியாசம் தெரிந்தது ஓவர்கிளாக் செய்பவர்களுக்கு மட்டும்தான்.

காரணம் நான்கு: கூலர் விற்பது அவர்கள் தொழில் அல்ல.

2015-ல் வந்த ‘ஸ்கைலேக்’ தலைமுறையில் இருந்து, ஓவர்கிளாக் செய்யக்கூடிய கே ரகப் ப்ராசஸர்களின் பெட்டியில் இன்டெல் கூலரே வைப்பதில்லை. வாங்குபவர் எப்படியும் நாக்டுவா, கூலர் மாஸ்டர், டீப்கூல் என்று தனியாக வாங்கிக்கொள்வார் என்பது அவர்கள் கணக்கு.

காரணம் ஐந்து: வாரண்டி.

வோல்டேஜையும் சூட்டையும் கூட்டினால் சிப்பின் ஆயுள் குறையும். கூடுதலாக ஓட்டுங்கள் என்று நிறுவனமே ஊக்குவித்தால், மூன்று வருட வாரண்டிக்குள் வரும் பழுதுக்கு யார் பொறுப்பு? 2012-ல் இன்டெல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தனியாகப் பணம் கட்டினால், ஓவர்கிளாக் செய்து பழுதானாலும் ஒருமுறை மாற்றித் தரும். 2021-ல் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

அப்போ முயற்சியே செய்யவில்லையா?

அப்படிச் சொன்னால் தப்பு. செய்தார்கள்.

2014-ல் வந்த கோர் ஐ7-4790கே-யில், ஆர்வலர்களின் புகாருக்குப் பிறகு இன்டெல் மேம்பட்ட பேஸ்ட் வைத்தது. 2018-ல் ஐ9-9900கே-யில் சாலிடர் திரும்ப வந்தது. 2020-ல் ஐ9-10900கே-யில் சிலிக்கான் சில்லையே மெலிதாக்கி, செம்பு மூடியைத் தடிமனாக்கினார்கள். சிலிக்கானை விடச் செம்பு சூட்டை நன்றாகக் கடத்தும் என்பதால் இந்த மாற்றம்.

ஆனால் காலத்தைக் கவனியுங்கள். 2017-ல் ஏ.எம்.டியின் ரைசன் ப்ராசஸர்கள் சாலிடரோடு வந்து போட்டியைக் கிளப்பிய பிறகுதான் இன்டெல்லில் சாலிடர் திரும்பியது. கோர்களின் எண்ணிக்கையையும் டர்போ வேகத்தையும் கூட்ட வேண்டிய கட்டாயம் வந்தபோதுதான் சில் மெலிந்தது. ஆர்வலர்களுக்குக் கிடைத்தது அதன் உபரி.

அதே 2020-ல் இன்டெல் இன்னொரு படி மேலே போனது. ‘க்ரையோ கூலிங்’ என்ற தொழில்நுட்பம். மின்சாரத்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகடு வைத்து, ப்ராசஸரை அறை வெப்பநிலைக்கும் கீழே கொண்டுபோகும். கேட்கவே குளுகுளு என்று இருக்கிறதல்லவா?

ஆனால் குளிர்விப்பதற்கே தனியாக மின்சாரம் தின்னும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த கலர் பாட்டில் மேல் முத்து முத்தாக நீர் கோர்க்குமே, அதே மாதிரி மதர்போர்டு மேல் நீர் கோர்த்தால் கதை முடிந்தது. அதைத் தடுக்க சென்சார், சாஃப்ட்வேர் எல்லாம் வைத்தும் சந்தை பிடிக்கவில்லை. 2023-ல் இன்டெல் அதற்கு மூடுவிழா நடத்தியது.

மறுபக்கம், சோனி நிறுவனம் 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-ல் பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகத்தையே வைத்தது. அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும், தொழிற்சாலையில் கையாள்வதும் சிரமம். ஆனாலும் துணிந்தார்கள். ஏன்? ஒரே டிசைனில் கோடிக்கணக்கில் விற்கும் பொருள், வாங்கும் ஒவ்வொருவருக்கும் அந்தப் பலன் போகும். கூலிங்கை மேம்படுத்த முடியாது என்பது பிரச்சனை இல்லை, யாருக்காக என்பதுதான் கேள்வி.

இப்போது அந்த ‘யாருக்காக’ என்ற இடத்தில் இருப்பது ஏ.ஐ. என்விடியாவின் எச்100 சிப் ஒன்றே 700 வாட் வரை எடுக்கும். இதைப்போல ஆயிரக்கணக்கில் அடுக்கும் டேட்டா சென்டர்களுக்காகத்தான் லிக்விட் கூலிங் ஆராய்ச்சிகள் இன்று வேகமெடுக்கின்றன. அங்கே பழகிய தொழில்நுட்பம், நாளை நம் மேஜைக்கும் மெதுவாக வரலாம்.

அதிக வேகத்தின் விலை: 2024 பாடம்

வரம்பின் விளிம்பில் ஓட்டினால் என்ன ஆகும் என்பதை 2024-ல் இன்டெல்லே பார்த்தது. 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சிலவற்றில் கேம்கள் திடீர் திடீரென்று நின்றன, கம்ப்யூட்டர் முடங்கியது. தேவைக்கு அதிகமான வோல்டேஜ் போனதால் சிப்பின் உட்பகுதி காலப்போக்கில் பாதிக்கப்பட்டது என்று இன்டெல் விளக்கியது. பயாஸ் அப்டேட் வெளியிட்டதுடன், பாதிக்கப்பட்ட ரகங்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது.

கவனிக்க வேண்டியது இதுதான். இது கூலிங் போதாததால் வந்த கோளாறு மட்டும் அல்ல, வோல்டேஜ் கோளாறு. எவ்வளவு நல்ல கூலர் மாட்டினாலும், அதிக வோல்டேஜ் சிப்பை உள்ளுக்குள் அரிக்கும்.

ஏ.எம்.டி வேறு வழியில் போனது. 2022-ல் வந்த ரைசன் 7000 வரிசையில், முழு வேலையில் சில ரகங்கள் 95 டிகிரி வரை போவது சாதாரணம்தான், அப்படித்தான் டிசைன் செய்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டது. பழைய கூலர்கள் பொருந்த வேண்டும் என்பதற்காக அதன் உலோக மூடியையும் தடிமனாகவே வைத்தது. தடிமன் கூடினால் கூலிங் கொஞ்சம் அடிபடும். ஆனால் பழைய கூலர் வைத்திருப்பவருக்கு மறுபடி வாங்கும் செலவு மிச்சம். இங்கேயும் ஜெயித்தது பெரும்பான்மைதான்.

ஆர்வலர்களுக்கு ஒரு ஆறுதல்: 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில், கூடுதல் நினைவகம் சில்லுக்கு மேலே அடுக்கப்பட்டு சூட்டை மறித்தது. அதில் ஓவர்கிளாக்கிங்கும் பூட்டப்பட்டிருந்தது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் அந்த நினைவகத்தைக் கீழே மாற்றினார்கள். சூடு சுலபமாக வெளியேறியது, பூட்டும் திறந்தது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

கம்பெனி வரும் வரை காத்திருக்க வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற சில வழிகள் இருக்கின்றன.

முதலில் தூசி. பஞ்சும் நூலும் பறக்கும் ஊரில், கூலரின் தகடுகளுக்கு நடுவே தூசி அடைத்தால் எவ்வளவு விலையுயர்ந்த கூலரும் வேலைக்கு ஆகாது. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் முடியையும் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறியைச் சுற்ற விடாமல் பிடித்துக்கொண்டு ப்ளோவரால் ஊதுங்கள். கோடை தொடங்கும் முன் ஒருமுறையாவது செய்துவிடுவது நல்லது.

இரண்டாவது, காற்றோட்டம். கேபினட்டைச் சுவரோடு ஒட்டியோ மேஜை அலமாரிக்குள் மூடியோ வைக்காதீர்கள். வெளியே தள்ளிய சூடான காற்றையே அது மறுபடி உள்ளே இழுக்கும்.

மூன்றாவது, பேஸ்ட். சில வருடங்கள் ஆன கம்ப்யூட்டர் என்றால் பழைய பேஸ்ட் காய்ந்திருக்கலாம். துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் வெப்பநிலை இறங்க வாய்ப்பு உண்டு. செலவும் குறைவு.

நான்காவதுதான் முக்கியமானது. கூட்டுவதற்குப் பதில் குறைத்துப் பாருங்கள். பயாஸில் ப்ராசஸரின் மின் வரம்பைக் குறைக்கும் வசதி பெரும்பாலான போர்டுகளில் உண்டு. ஏ.எம்.டியில் ‘ஈகோ மோட்’ என்று பெயர். கடைசி 10% வேகத்துக்கு 33% சூடு என்று பார்த்தோம் அல்லவா? அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வேகத்தையும் வோல்டேஜையும் 10% குறைத்தால் 0.9 x 0.9 x 0.9 = 0.73. சூடு 27% குறையும். கேமில் வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. கரண்ட் பில்லும் குறையும்.

ஐந்தாவது, வாங்கும்போதே யோசியுங்கள். ஓவர்கிளாக் செய்யும் எண்ணம் இல்லை என்றால், கே ரக இன்டெல் ப்ராசஸருக்கும் அதற்கான விலையுயர்ந்த மதர்போர்டுக்கும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. அந்தப் பணத்தை கிராபிக்ஸ் கார்டிலோ ரேமிலோ போட்டால் கேமிங்கும் வீடியோ எடிட்டிங்கும் நேரடியாக வேகமாகும்.

கடைசியாக, வாரண்டி. ஓவர்கிளாக் செய்து வந்த சேதத்துக்கு வாரண்டி கிடைக்காது என்பதுதான் பொதுவான விதி. செட்டிங்கில் வசதி இருக்கிறது என்பதால் அது வாரண்டிக்குள் வரும் என்று அர்த்தம் இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள், ‘ஓவர்கிளாக் செய்து ஓட்டினீர்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

மொத்தத்தில்...

திரவ ஹீலியத்தை ஊற்றி ஒரு ப்ராசஸரை 9 கிகா ஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டிய சாதனையாளர்கள் உலகில் இருக்கிறார்கள். அந்தச் சாதனை சில நொடிகளுக்கானது. சிப் நிறுவனம் செய்வது, சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையிலும் ஐந்து வருடம் ஓட வேண்டிய பொருளை.

வீட்டில் கடன் வாங்கி மகனுக்கோ மகளுக்கோ கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்த குடும்பத்துக்கு வேண்டியதும் அந்த ஐந்து வருடம்தான். அதனால் அடுத்த முறை விசிறி இரைச்சல் போட்டால், வேகத்தைக் கூட்டும் செட்டிங்கைத் தேடும் முன் கேபினட்டைத் திறந்து தூசியைப் பாருங்கள். பாதிப் பிரச்சனை அங்கேதான் இருக்கும்!